ஏழாவது அத்தியாயத்தில் விழாத புள்ளி

நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கோரஸ் ஞாபகம் இருக்கும். வாத்தியார் போர்டிலிருந்து திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று அறுபது பேரும் ஒரே ராகத்தில் இழுப்போம். நிஜமாகப் புரிந்ததா என்பது வேறு சங்கதி. அந்தக் கேள்விக்கு அதுதான் பதில், அவ்வளவே. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கோடையில் அந்த வார்த்தைக்குத் தடை இருந்தது. தடை போட்டவள் அம்மா, மீறியவள் நான். எனக்கும் தலை நரைத்துவிட்டது, அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. இனி யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பாரீஸ் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. காலையில் தாம்பரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்தால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். அம்மா தாம்பரத்திலேயே ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர். வகுப்பில் பாடம் நடத்துவது லெக்சரர்களின் வேலை. லேபில் தவளையை மெழுகுத் தட்டில் மல்லாத்தி, குண்டூசி குத்தி, எது கல்லீரல், எது பித்தப்பை என்று தொட்டுக் காட்டுவது அம்மாவின் வேலை. வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சை மூடியைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். அப்படியும் ஃபார்மலின் நெடி முழுசாகப் போகாது. தயிர் சாதம் பிசைந்து கையில் உருட்டி வைப்பாள், அதிலும் லேசாக அந்த வாசனை அடிக்கும். இன்றைக்கும் ஏதாவது லேப் வாசலைக் கடந்தால் எனக்குப் பசிக்கிறது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை.

அந்தக் கல்லூரியில் தமிழ்வழியில் படித்தவர்கள் பெரும்பாலும் சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணைத்தான் நான் கேளம்பாக்கம் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. அந்த வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அவள் படித்த பள்ளியில் இரண்டு வருஷம் உயிரியல் டீச்சர் போஸ்ட் காலியாகவே கிடந்ததாம். கைடை வரிக்கு வரி மனப்பாடம் பண்ணித்தான் பிளஸ் டூவைத் தாண்டியிருந்தாள். காலேஜ் பாடத்துக்குத் தமிழில் கைடே கிடையாது, அந்த வித்தை பலிக்கவில்லை. முதல் வருஷம் மற்றதிலெல்லாம் பாஸ் பண்ணி, விலங்கியலில் மட்டும் ஃபெயில் ஆனாள், அடுத்து வந்த அக்டோபரிலும் தேறவில்லை. "வர்ற அக்டோபர்ல இன்னொரு தடவை எழுது. அதுலயும் போச்சுன்னா நின்னுடணும், கல்யாணத்தைப் பாக்கலாம்" என்று அவளுடைய அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அம்மா அவளைச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னாள். சிமெண்டுத் தரையில் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருநாள் அம்மா ஒரு மணி நேரம் சிறுநீரகத்தை விளக்கிவிட்டு, "புரிஞ்சுதா?" என்றாள்.

"புரிஞ்சுது மேடம்."

"சரி, இப்ப நீ எனக்குச் சொல்லு."

அக்கா தாவணி முனையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொட்டு சொட்டாக நோட்டில் கண்ணீர் விழுந்து, மசியெழுத்து ஊறியது.

"புரியலன்னா புரியலன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எப்டி மேடம் சொல்றது? நீங்க இவ்ளோ கஷ்டப்பட்டு சொல்லிக் குடுக்கறீங்க. புரியலன்னா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

அடுத்த வாரம் ஒரு குயர் வெள்ளைத்தாள் வாங்கி வந்து, முதல் வருஷத்துக்கான புத்தகத்தைத் தானே தமிழில் எழுதப்போவதாக அறிவித்தாள். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "டெமான்ஸ்ட்ரேட்டர் எழுதினா யாரு படிப்பாங்க?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம்தான். அம்மா, "ஒருத்தி படிச்சா போதும்" என்றாள்.

டிபார்ட்மெண்ட் அலமாரியில் செங்கல் பருமனில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. எத்தனையோ முறை திருத்தித் திருத்தி அச்சிட்டது. அம்மா அதை ஒருநாள் வீட்டுக்குத் தூக்கி வந்து எனக்குக் காட்டினாள். வழவழத்த கலர்ப் படங்களுக்குப் போகாமல் முன்னுரைக்குத்தான் போனாள். "இங்க பாரு. இந்த ஒரு பக்கம் பூரா யார் யார் எங்கெங்க தப்பு சொன்னாங்கன்னு பேர் போட்டிருக்கான். அதனாலதான் இந்தப் புத்தகம் இத்தனை வருஷமா ஓடுது. எழுதினவன் புத்திசாலிங்கறதால இல்ல." எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. உள்ளே இருந்த ஆக்டோபஸ் படத்தைப் பார்க்கக் கை பரபரத்தது.

அவளுக்கும் தப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. மாணவர்களைக் கேட்டால் எல்லோரும் புரிஞ்சுது மேடம் என்பார்கள். சக லெக்சரர்களுக்கோ எல்லாம் முன்பே தெரியும். ஆகவே அஞ்சாம் கிளாஸ் முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்த என்னைப் பிடித்தாள். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் உள்ள பென்சிலைக் கையில் கொடுத்தாள்.

"இந்த வீட்ல இனிமே புரிஞ்சுதுங்கற வார்த்தையே கூடாது. நான் கேக்கவும் மாட்டேன், நீ சொல்லவும் வேணாம். படிச்சுக்கிட்டே வா. எங்க புரியலையோ அங்க ஓரத்துல ஒரு சிவப்புப் புள்ளி வை. அது உன் தப்பு இல்ல, என் தப்பு."

"ஏன் நானு?"

"பெரியவங்க மரியாதைக்காகப் பொய் சொல்லுவாங்க. நீ சொல்ல மாட்டே."

அந்த ஏப்ரலில் நான் எவ்வளவு கர்வமாகத் திரிந்தேன் தெரியுமா? காலேஜ் புத்தகத்துக்கு மார்க் போடுகிறவள் நான். ஒவ்வொரு புள்ளிக்கும் அம்மா அந்தப் பத்தியையே கிழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். முதல் அத்தியாயம், நகத்தை வெட்டினால் ஏன் வலிக்கவில்லை என்று ஆரம்பித்தது. அதில் இரண்டே புள்ளிகள். சுரப்பிகளைப் பற்றிய அத்தியாயத்தில் நாளமில்லாச் சுரப்பி என்று இருந்த இடத்தில் புள்ளி வைத்துவிட்டு, "நாள் இல்லாததுன்னா? லீவு நாளாம்மா?" என்று கேட்டேன். அம்மா சிரித்து சிரித்து இருமலே வந்துவிட்டது. பிறகு, நாளம் என்றால் குழாய், இந்தச் சுரப்பிக்குக் குழாய் கிடையாது, சுரப்பதை நேராக ரத்தத்திலேயே விட்டுவிடும் என்று மாற்றி எழுதினாள். நான் அந்தப் புள்ளியை நீலத்தால் அடித்தேன். நீலம் அடித்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

புத்தகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பிடிவாதமான எண்ணங்கள் இருந்தன. படம் ஒரு பக்கத்திலும் அதற்கான விளக்கம் மறுபக்கத்திலும் இருக்கவே கூடாது. ஒரு பக்கத்தில் ஒரு புது வார்த்தைக்கு மேல் வராது. லேப் மேஜையில் விரித்து வைத்தால் அது தானாக மூடிக்கொள்ளக் கூடாது, நடுவில் நூல் போட்டுத்தான் தைக்க வேண்டும். "ரெண்டு கையும் தவளை மேல இருக்கும்போது பக்கத்தை யாரு புடிச்சுப்பா?" என்பாள். ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும், இது இன்னும் யாருக்கும் தெரியாது என்று தலைப்புப் போட்டு நாலைந்து வரி எழுதி, இதன் தொடர்ச்சியை மேல் வகுப்பில் படிப்பீர்கள் என்று முடிப்பாள். அதைப் படித்துவிட்டு அப்பா முகம் சுளித்தார். "பாடப்புத்தகம்னா ஒரு கனம் வேணாமா? தெரியாததை எல்லாம் எதுக்கு ஊருக்குச் சொல்றே?" என்றார். அம்மா அடுத்த தாளை எடுத்தாள். புத்தகம் எழுதிய அந்த நாலு மாதம் அவள் அப்பாவோடு சண்டையே போடவில்லை, நேரம் இல்லை.

எனக்கும் நேரம் இல்லை என்பதுதான் போகப் போக உறைத்தது. தலை பின்னிவிடச் சொன்னால், "இந்தப் பத்தியை முடிச்சிட்டு வரேன்" என்பாள். பிறகு ஒற்றைப் பின்னலாக அவசரத்தில் முறுக்கிவிடுவாள். வண்டலூரில் புது மிருகக்காட்சி சாலை திறந்து, எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துவிட்டு வந்தாயிற்று. நீர்யானை வாயைப் பிளந்தால் ஓர் ஆள் உள்ளே உட்காரலாமாம். மாலையில் குழாயடியில் அதே பேச்சு. இரண்டே ஸ்டேஷன் தள்ளி இருக்கிற இடம். "புத்தகம் முடியட்டும், மறுநாளே போலாம்" என்பதுதான் அம்மாவின் பதில். புத்தகத்தில் பத்து அத்தியாயங்கள். ஒன்பது முடிந்துவிட்டன. கஷ்டமானது என்று ஏழாவதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தாள்.

செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பது ஏழாவது அத்தியாயம். அதில் ஒரு வகைப் பிரிவில், அப்பா அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகிற செல்லில் குரோமோசோம் பாதியாகக் குறைந்துவிடும். அம்மா அதற்குப் பாதியாகும் பிரிவு என்று பெயர் வைத்திருந்தாள். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த துறைத் தலைவர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, கலைச்சொல் அகராதியில் உள்ளபடி குன்றல் பகுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குன்றல் என்றால் குறைதல். கெட்ட மனிதர் இல்லை. கண்டதையும் எழுதினால் யுனிவர்சிட்டியில் தமிழ்வழியையே கேலி செய்வார்கள் என்று பயப்பட்டவர். அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது.

"இந்த வார்த்தைக்கு அர்த்தம் எத்தனை பேருக்குத் தெரியும்? சாரோட இப்ப மல்லுக்கட்ட வேணாம். அவர் சொன்ன மாதிரியே எழுதி இவகிட்ட குடுக்கறேன். எப்படியும் புள்ளி விழும். அந்தத் தாளை அப்படியே எடுத்துப்போய் அவர்கிட்ட காட்டி மாத்திடறேன்."

மே மாதத்து மத்தியானம் ஒன்றில் அந்தத் தாள்கள் என் கைக்கு வந்தன. மின்விசிறி இருந்தது, கரண்ட் இல்லை. தரை மட்டும் கொஞ்சம் சில்லென்று இருந்ததால் குப்புறப் படுத்துப் படித்தேன். குன்றல் பகுப்பு என்ற முதல் வரியிலேயே எனக்குக் குன்று வந்துவிட்டது. டிரெயினில் போகும்போது தெரியுமே, பல்லாவரம் குன்று, அதேதான். சரி, செல்லுக்குள்ளே ஒரு மலை இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கீழே இருந்த படத்திலும் கோடுகள் அகலமாக ஆரம்பித்து ஓர் உச்சியில் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு ஒரு வரிகூட என் மண்டையில் ஏறவில்லை.

பென்சில் கையில்தான் இருந்தது. முனையைத் தாளில் வைத்தும்விட்டேன். ஐந்தாவது அத்தியாயத்தில் நான் வைத்த புள்ளிகளுக்கு அம்மா இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. இதில் புள்ளி வைக்க ஆரம்பித்தால் ஓரம் பூராவும் சிவப்பாகிவிடும். பள்ளிக்கூடம் திறந்துவிடும். நீர்யானையைப் பார்க்காத ஒரே பெண்ணாக நான் ஆறாம் கிளாஸுக்குப் போக வேண்டும். பென்சிலை எடுத்துவிட்டேன். பதினொரு பக்கங்களையும் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பினேன்.

அம்மா தாள்களை வாங்கிப் புரட்டினாள். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள்.

"ஒரு புள்ளிகூட இல்லையேடி!"

"ம்."

"குன்றல்ங்கற இடத்துலகூடவா?"

"புரிஞ்சுதும்மா."

கூடாது என்று அவளே சொன்ன வார்த்தை. சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அப்ப சார் சொன்னதுதான் சரி. நான்தான் குழந்தைங்களைக் குறைச்சு எடை போட்டுட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் நான் அதிகம் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வண்டலூர் போனோம். நீர்யானை தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. மூக்கும் காதும் மட்டும் தெரிந்தன. எவ்வளவு கத்திக் கூப்பிட்டும் வாயைத் திறக்கவில்லை. புள்ளிமான் கூட்டத்தில் ஒரு குட்டி தாயை உரசிக்கொண்டு நின்றது. அம்மா குனிந்து, "அந்தக் குட்டியில அம்மா பாதி, அப்பா பாதி. எப்படின்னு ஏழாவதுல படிச்சியே, எங்க சொல்லு பாக்கலாம்" என்றாள். நான் கையை உதறிக்கொண்டு, "ஐஸ் வேணும்" என்று அழ ஆரம்பித்தேன். வெயிலுக்கு என்று நினைத்து அவள் தன் முந்தானையை என் தலையில் போட்டாள்.

மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில்தான் புத்தகம் அச்சானது. எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக் கோர்க்கிற காலம். ஈய எழுத்துகள் நிறைந்த மரப்பெட்டிகளுக்கு முன்னால் நின்றபடியே வேலை செய்கிற கம்பாசிட்டர் ஒருவர். அவரை நான் அண்ணா என்பேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு. புரூப் வாங்க அம்மாவோடு போகும்போதெல்லாம் என் பெயரைக் கோர்த்து, மை தடவி, என் உள்ளங்கையில் அழுத்திவிடுவார். ஏழாவது அத்தியாயத்து புரூப்பைக் கொடுத்த அன்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"நான் எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. ஆனா உங்க புக்கு கோக்கும்போதே நானும் படிச்சிகினே வந்தேன். கிட்னி இன்னா பண்ணுது, ரத்தம் எப்டி சுத்துதுன்னு வூட்ல பசங்களுக்கே சொல்ற அளவுக்கு ஆயிட்டேன். இந்த ஏழு மட்டும் இன்னான்னே வெளங்கல மேடம். குன்றுன்னா மலை தானே? செல்லு எப்டி மலை ஏறும்? படத்துலயும் மலை மாறித்தான் கீது."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பெட்டியில் கிடந்த ஈய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ளு' எழுத்து அறையில் ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. இதையெல்லாம் எதற்கு மனசு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்று தெரியவில்லை. அப்போது வாயைத் திறந்திருந்தால் போதும். ஆமாம்மா, நானும் மலைன்னுதான் நினைச்சேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

"எம்பொண்ணு அஞ்சாவதுதான் முடிச்சிருக்கா. இதுல அவ ஒரு புள்ளிகூட வெக்கலையே" என்றாள் அம்மா. குரலில் பெருமை.

"அப்டியா? பாப்பாவுக்கே வெளங்கிடுச்சா? அப்ப என் மண்டைதான் மக்கு மேடம். நீங்க வுடுங்க" என்று அவர் சிரித்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். அந்தப் பக்கம் அப்படியே அச்சேறியது.

ஆகஸ்டில் புத்தகம் வந்தது. நடுவில் நூல் போட்டுத் தைத்தது, பச்சை அட்டை, மூக்கில் வைத்தால் மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. முன்னுரையின் கடைசியில் நன்றி சொல்லியிருந்தாள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் முதலில் படித்து, புரியாத இடங்களில் எல்லாம் ஒளிக்காமல் புள்ளி வைத்த என் மகளுக்கு என்று இருந்தது. அப்பா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். அப்பாவுக்கே கண் கலங்கிவிட்டது. நான் சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டேன்.

முதல் பிரதி கேளம்பாக்கம் அக்காவுக்கு. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அம்மா அவளுக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

"இதை மனப்பாடம் பண்ணாதே. இது கைடு இல்ல. படி, மூடி வை, உனக்கு என்ன புரிஞ்சுதோ அதை உன் வார்த்தையில எழுது. தைரியமா எழுது."

அக்கா அப்படியே செய்தாள். பழையபடி இந்தப் புத்தகத்தையும் வரி மாறாமல் மனப்பாடம் பண்ணி எழுதியிருந்தால் அவள் பாஸ் ஆகியிருப்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு புத்தகத்தை நம்பி, தனக்குப் புரிந்ததை எழுதினாள்.

அக்டோபர் தேர்வு முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மழைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். நான் நனைந்துகொண்டே அம்மாவின் லேபுக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். துறைத் தலைவர் ஒரு விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அடக்கமாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்த அநியாயத்தைப் பாருங்க. குன்றல் பகுப்பை விளக்குகன்னு கேட்டா மலை வரைஞ்சு வெச்சிருக்கா!"

எட்டிப் பார்த்தேன். அக்காவின் குண்டு குண்டான கையெழுத்து. கவனமாக நிழல்கூடக் கொடுத்து வரைந்த ஒரு குன்று. இடப்பக்கச் சரிவில் குச்சிகுச்சியாக குரோமோசோம்கள் ஏறுகின்றன. வலப்பக்கச் சரிவில் அதில் பாதிதான் இறங்குகின்றன. குன்றில் ஏறும்போது நாற்பத்தாறாக உள்ள குரோமோசோம்கள், இறங்கும்போது இருபத்து மூன்றாகி விடுகின்றன, ஏறும் சிரமத்தால் பாதி உதிர்ந்துவிடுகிறது என்று கீழே எழுதியிருந்தாள்.

அம்மாவும் முதலில் சிரித்தாள். பிறகு, "பாதியாகுதுங்கறது சரிதானே சார்" என்றாள் மெதுவாக.

"பாதி சரிக்குப் பாஸ் போட முடியுமா? மீதியும் இப்படித்தான் இருக்கு. எல்லாம் சொந்தச் சரக்கு. உங்க புத்தகம் படிச்ச இன்னும் ரெண்டு பேரும் மலைதான் வரைஞ்சிருக்காங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க புத்தகத்தைப் பசங்க படிக்க வேண்டிய லிஸ்ட்ல வெச்சிருக்க முடியாது" என்றார். போகும்போது அவர் சிரிக்கவில்லை.

அகராதி வார்த்தை உங்களுடையதுதானே என்று அம்மா அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மலைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அச்சகத்தில் கம்பாசிட்டர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் திட்டவில்லை. ஓர் அடி வைத்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலையைத் துவட்டிவிட்டாள். சூடாகப் பால் கொடுத்தாள். புத்தகத்தில் ஏழாவது அத்தியாயத்தைப் பிரித்து, என் முன்னால் வைத்து, சிவப்பு நீலப் பென்சிலை எடுத்துக் கொடுத்தாள்.

"இப்ப வை" என்றாள்.

வைத்தேன். ஓரம் பூராவும் வைத்தேன். என் மூக்கு ஒழுகி, பக்கமெல்லாம் ஈரமாகி, சிவப்பு இழுகிக்கொண்டு போனது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திருப்பி, விரலை வைத்து, "முதல் வரியிலேயே இருக்கே" என்றாள். ஏன் அப்போது வைக்கவில்லை என்று அன்றைக்கும் கேட்கவில்லை, சாகும்வரையிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நீர்யானைக்காக என்று சொல்லியிருக்க வேண்டும்.

விற்காத பிரதிகள் கட்டுக்கட்டாகப் பரண் ஏறின. அப்பா ஒருநாள் சாப்பாட்டின் நடுவே, "நான் அப்பவே சொன்னேன், கொஞ்சம் கனமா எழுதியிருக்கலாம்" என்றார். அதுவரை பொறுமையாக இருந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஆனாலும் அந்த மார்கழி முழுக்க அவள் ஏழாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். யாரும் கேட்காத, யாரும் அச்சடிக்கப்போகாத அத்தியாயத்தை. இந்தத் தடவை பாதியாகும் பிரிவு என்றே தலைப்பு. கல்யாண மண்டப வாசலில் இருபத்து மூன்று ஜோடிச் செருப்புகள் கிடப்பதாக ஆரம்பித்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஓர் ஒற்றையை எடுத்து ஒரு பையிலும், மற்ற ஒற்றையை இன்னொரு பையிலும் போடு. இப்போது ஒவ்வொரு பையிலும் பாதிதான் இருக்கிறது, ஆனால் எந்த ஜோடியும் விட்டுப்போகவில்லை. ஒரு பை இன்னொரு வீட்டுப் பையோடு சேரும்போது மறுபடி எல்லாம் ஜோடியாகிவிடும். என்னிடம் கொடுத்தாள். இரண்டு புள்ளி வைத்தேன், உண்மையான புள்ளிகள். மாற்றி எழுதினாள். நீலம் அடித்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போனோம். உப்பளத்துப் பாத்திகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, கண் கூசியது. அக்கா வேலையிலிருந்து ஓடி வந்தாள். காலிலும் விரலிடுக்கிலும் வெடிப்புகள். மாசியில் கல்யாணம், மாப்பிள்ளை செங்கல்பட்டுப் பக்கம் என்று அவளுடைய அம்மா சொன்னார். எங்களுக்குக் கலர் சோடா வாங்கி வர ஒரு பிள்ளையைக் கடைக்கு விரட்டினார்.

"பாஸாவலன்னு வருத்தப்படாதீங்க மேடம். எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றாள் அக்கா.

"உனக்கு ஏறாம இல்ல. தப்பு புத்தகத்துல" என்று அம்மா தாள்களை நீட்டினாள். "இதைப் படி. எனக்காக."

வாசற்படியில் உட்கார்ந்து அக்கா படித்தாள். உதடு அசைய, நிதானமாக, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துத் துடைத்துத் தாளைத் திருப்பினாள். பாதியில் சட்டென்று எழுந்தாள். வாசலில் கிடந்த செருப்புகளை, எங்களுடையதையும் சேர்த்து, ஜோடி ஜோடியாக வரிசை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒற்றையை இந்தப் பக்கம் நகர்த்தினாள், மற்றதை அந்தப் பக்கம். இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அய்யோ மேடம், இவ்ளோதானா! நான் போய் மலையை வரைஞ்சேனே!"

அம்மாவும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் சொல்லிவிட வேண்டும் என்று அப்போது வாயெடுத்தேன். அக்கா, மலைன்னு முதல்ல நினைச்சது நான்தான் என்று. அதற்குள் அக்கா என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீ புள்ளி வெப்பியாமே, அந்தப் பென்சிலைக் குடு" என்றாள்.

கொடுத்தேன். அவள் கடைசிப் பக்கத்தை எடுத்து, கடைசி வரியில் நிறுத்தினாள். எல்லா அத்தியாயங்களையும் அம்மா முடிக்கிற வரிதான் அது. இதன் தொடர்ச்சியை மேல் வகுப்பில் படிப்பீர்கள்.

அக்கா அந்த வரிக்கு நேராக, ஓரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா என்னிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு, அந்தத் தாளை மடியில் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த எல்லாப் புள்ளிகளுக்கும் வேறு மாதிரி எழுதத் தெரிந்தவள், அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் பென்சிலை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.